மாங்காட்டு மொட்டைமாடியும் ஒரு ஹெலிகாப்டரும்

மலேசியாவிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் புடவை எடுக்க வருவார்கள், இல்லாவிட்டால் கோயில் குளம் பார்க்க வருவார்கள். நான் ஒரு தாயையும் மகளையும் பேச வைக்க வந்தேன். தாய் வசந்தா, இறந்துபோன என் தம்பி சேகரின் மனைவி. மகள் பவித்ரா, விமானப்படையில் விமானிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறாள். தேர்வான செய்தி வந்ததிலிருந்து வசந்தா மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ஹைதராபாத் பக்கம் இருக்கும் பயிற்சி நிலையத்துக்குக் கிளம்பியாக வேண்டும். "நீங்க வந்தாத்தான் அத்தை ஆகும்" என்று போனில் அழுதாள்.

மலேசியாவில் கிள்ளான் நகரில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையை வெகுகாலம் நடத்தியவள் நான். பசித்த பிள்ளைகள் நூறு பேரை ஒரே அதட்டலில் வரிசையில் நிற்க வைத்திருக்கிறேன். இரண்டு பெண்களைப் பேச வைக்க முடியாதா என்ற தைரியத்தில்தான் கிளம்பினேன்.

தைரியம் ஐயப்பன்தாங்கல் வரைக்கும் தாங்கியது. பஸ் டிப்போவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஐந்து பேர் இருந்த வண்டியில் ஆறாவதாக என்னையும் திணித்தார்கள். "கொஞ்சம் நவுந்து குந்திக்கோக்கா, மாங்காடு இன்னா அமெரிக்காவா, தோ வந்துடும்" என்றார் ஓட்டுநர். மாங்காடு வருவதற்குள் வண்டி, சாக்கடைக்காகத் தோண்டிப்போட்ட பள்ளத்தில் பின்சக்கரத்தை இறக்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் படம் எடுத்துப் புகார் போடுவார்கள். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் வீடும் அந்தப் பக்கம்தானாம்.

வாசலில் வசந்தா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னா அண்ணி, ஏர்போர்ட்ல எறங்கினதும் ஒரு போன் போட மாட்டீங்களா? வவுத்துல நெருப்ப கட்டிகினு குந்திகினு கீறேன்."

அவள் எப்போதும் அப்படித்தான். யார் எங்கே கிளம்பினாலும் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அடுத்த வேலை ஓடாது. பூந்தமல்லி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவளுக்குக் கல்யாணமான புதிதில் நான் கிள்ளானுக்குத் திரும்பிய அன்று, சேகர் தொழிற்சாலையிலிருந்து வருவதற்குள் நான்கு முறை எனக்குப் போன் செய்தவள்.

கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கிள்ளானில் எந்தக் கடையிலும் இந்த ருசி வராது. நானே வைத்தாலும் வராது. மூன்று தட்டு போட்டாள். பவித்ராவின் தட்டில் சோறும் குழம்பும் விழுந்தன, பேச்சு விழவில்லை. சாப்பிட்ட பிறகு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திட்டினாக்கூட பரவால்ல அத்தை. முன்னாடி அம்பத்தூர் போனாலே நாலு வாட்டி கூப்பிடுவாங்க, போய்ச் சேந்துட்டியா, போய்ச் சேந்துட்டியான்னு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கிண்டல் பண்ணுவாங்க. இப்ப நான் எங்க போனாலும் கேக்கறதே இல்ல."

வசந்தாவின் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். பெருவெள்ளம் வந்த ஆண்டு இந்த வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியது. மூன்று பேரும் மொட்டைமாடியில் இருந்தார்கள். சேகருக்குக் காலையிலிருந்து நெஞ்சுவலி. ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேலே வந்து நின்றது. வசந்தா சிவப்புப் போர்வையை வீசினாள், பவித்ரா கத்தினாள். ஹெலிகாப்டர் மேலேறிப் போய்விட்டது. மத்தியானம் இன்னொரு முறை வந்தது. அப்போதும் இறங்காமல் போனது. சாயங்காலம் யாரோ மீனவர்கள் படகோடு வந்தபோது என் தம்பி இல்லை. எனக்குச் செய்தியே இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அவன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

"பாத்துட்டுப் போனவன் கூட்டத்துலதான் இவ போயி சேரணுமா அண்ணி?" என்று வசந்தா என்னிடம் கேட்டாள். உண்மையைச் சொன்னால், என் மனதிலும் அந்தக் கேள்விதான் இருந்தது.

மறுநாள் பவித்ரா என்னைக் கள்ளிக்குப்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே ஜெயராஜ் என்று ஒருவர், விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி, படையில் சேர விரும்புகிற பிள்ளைகளுக்கு நேர்காணல் பயிற்சி தருகிறார். ஏன் விமானப்படை என்று அவர் கேட்டதற்கு, பவித்ரா மொட்டைமாடிக் கதையைச் சொன்னாளாம். எந்தத் தெரு என்று கேட்டாராம். தெருவைச் சொன்னதும் அன்றைக்கு வகுப்பை அத்தோடு முடித்துவிட்டாராம். வெள்ளத்தின்போது முப்படைகளும் சேர்ந்து மீட்பு வேலை செய்த அறையில் அவர் உட்கார்ந்திருந்தவர். வசந்தாவை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார். அவள் அந்தப் பெயரையே எடுக்கக் கூடாது என்கிறாள்.

பூந்தமல்லி வழியாக ஆவடிக்குப் போன பஸ், ஆவடிக்குச் சற்று முன்னால் புகை கக்கிக்கொண்டு நின்றது. இறங்கி வேப்பமரத்தடியில் நின்றோம். எதிரே பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு. என் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். நானும் சேகரும் வளர்ந்தது அங்கேதான். எங்கள் வீட்டுக்கு ஒருபக்கம் திருநெல்வேலிக்காரர், மறுபக்கம் வேலூர்க்காரர். எங்கள் அப்பாக்கள் செய்த ராணுவ வண்டிகள் எந்த எல்லைக்குப் போகின்றன, யார் சொல்லிப் போகின்றன என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சம்பளம் வருகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதோடு எங்கள் விசாரணை முடிந்துவிடும்.

அடுத்த பஸ் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, வடையும் பொங்கலும் சாப்பிட்டோம். பொங்கலில் மிளகு முழுசாகக் கிடந்தது. வயிறு நிறைந்தால் என் கோபம் பாதி குறையும் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று குறையவில்லை.

ஜெயராஜ் அறுபது தாண்டியவர், என் வயதுக்காரர்தான். மாடியில் வகுப்பறை, கீழே வீடு. நான் நாற்காலியில் உட்காருமுன்பே கேட்டேன்: "அந்த ஹெலிகாப்டர் யார் பேச்சைக் கேட்டுப் போனது சார்?"

அவருக்கு அந்தக் கேள்வி புதிதில்லை போலிருந்தது. நிதானமாக ஆரம்பித்தார்.

"தரையில சண்டை போடுற ஒவ்வொரு தளபதிக்கும் தலைக்கு மேல தனக்குன்னு ரெண்டு விமானம் சுத்தணும்னு ஆசை இருக்கும்மா. தப்பில்ல, அவர் ஆளுங்க உயிர் போகுது. ஆனா விமானம் கொஞ்சம், கேக்கறவங்க நிறைய. ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சுக் குடுத்தா, ஒரு இடத்துல சும்மா நிக்கும், இன்னொரு இடத்துல இல்லாம ஆள் சாவான். அதனால ஆகாயத்துல இருக்கறது எல்லாம் ஒருத்தர் கையில இருக்கணும்னு எங்களுக்குப் பாடம். தரைக்காரர் எனக்கு ரெண்டு விமானம் குடுன்னு கேக்கக் கூடாது. அந்தக் குன்றுமேல இருக்கற பீரங்கிய நிறுத்துன்னு கேக்கணும். எதை அனுப்பறது, எப்ப அனுப்பறது, யாருக்கு முதல்லங்கறதை வான் தளபதி முடிவு பண்ணுவார். எங்க ஆள் ஒருத்தன் தரைப்படையோட அறையிலயே உக்காந்து, இங்க கேக்கறதை அங்கயும் அங்க சொல்றதை இங்கயும் கொண்டு போவான்."

"ஓட்டுகிறவருக்கு ஒரு அதிகாரமும் இல்லையா?"

"எப்படிச் செய்யறதுங்கறதுல அவர்தான் ராஜா. எந்த உயரம், எந்தப் பக்கமா வர்றது, காத்து சரியில்லன்னா திரும்பறது, எல்லாம் அவர் இஷ்டம். எதைச் செய்யறதுங்கறது மட்டும் அவர் கையில இல்ல."

நான் விடவில்லை. கண் முன்னால் ஒருவன் துடிக்கும்போது என்ன பாடம், என்ன தளபதி என்றேன். என் குரல் மாடி வரைக்கும் போயிருக்க வேண்டும். மேலே பிள்ளைகளின் பேச்சு நின்றுவிட்டது.

ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் சிற்றுண்டிச்சாலை ஞாபகம் வந்து தொலைத்தது. ஒரு அடுப்பு, சாப்பாடு கொடுக்க மூன்று ஜன்னல். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஜன்னல்காரியும் உள்ளே வந்து தன் பிள்ளைகளுக்கு ரொட்டியை அள்ளிக்கொண்டு போவாள். ஒரு ஜன்னலில் ரொட்டி ஆறிக் கிடக்கும். அடுத்த ஜன்னலில் பிள்ளை அழும். கடைசியில் அடுப்புப் பக்கம் யாரும் வரக்கூடாது, எத்தனை பிள்ளை நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், ரொட்டியை நான் அனுப்புகிறேன் என்று சட்டம் போட்டேன். அன்றைக்கு நான் செய்ததும் இதுதான். அது எனக்குப் புரிந்தது எனக்கே பிடிக்கவில்லை.

"முப்படையையும் ஒரே தளபதிக்குக் கீழ கொண்டு வரணும்னு இப்பப் பேச்சு நடக்குது" என்றார் ஜெயராஜ். "வேணும்ங்கறவங்களும் இருக்காங்க, இருக்கற கொஞ்ச விமானத்தையும் கூறு போட்டுருவாங்களோன்னு பயப்படறவங்களும் இருக்காங்க. எப்படி மாத்தினாலும், ரெண்டு அறைக்கு நடுவுல ஒருத்தன் உக்காந்து கேட்டுச் சொல்லித்தான் ஆகணும். அன்னிக்கு அந்த ஆள் நான்தான்." நாற்காலியை விட்டு எழுந்தார். "மீதியை உங்க தம்பி மனைவிகிட்டதாம்மா சொல்லணும். முதல்ல கேக்க வேண்டியவங்க அவங்க."

வெள்ளிக்கிழமை வசந்தா என்னைக் காமாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கூட்டம் தெருவுக்கு வந்திருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி வரிசையில் நின்றபடியே எலுமிச்சம்பழத்தையும் பூவையும் சரிபார்த்துவிட்டு, மருமகளோடு போட்ட சண்டையை ஆதி முதல் சொல்லி முடித்தார். எனக்கு மருமகள் மேல்தான் பரிதாபம் வந்தது.

தரிசனம் முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்தபோது வசந்தாவிடம் கேட்டேன். "அந்த ஹெலிகாப்டர்காரன் உங்களைப் பார்த்தான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. கண்ணாடிக்குள்ள மொகம் தெரிஞ்சுது. கைய காட்டினான்."

"பார்த்த பிறகு என்ன செய்தான் என்று தெரியுமா?"

அவள் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி மடித்தாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் வாய் திறந்தாள். "வரச் சொல்லுங்க அந்த ஆள."

ஜெயராஜ் சனிக்கிழமை காலையில் வந்தார். வசந்தா அவரைக் கூடத்தில் உட்காரச் சொல்லவில்லை. நேரே மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். நானும் பவித்ராவும் பின்னால் போனோம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் ஒரு மூலையைக் காட்டினாள்.

"இங்கதான் சாச்சி வெச்சிருந்தேன். இப்ப சொல்லுங்க. அந்த பைலட் எங்கள பாத்தானா இல்லியா?"

"பாத்தார்மா. உடனே ரேடியோவுல சொன்னார். ஒரு ஆள் படுத்திருக்கார், ஒரு பொம்பள, ஒரு குழந்தை, இறங்கித் தூக்கட்டுமான்னு கேட்டார். அவர் போய்க்கிட்டு இருந்தது வேற ஒரு இடத்துக்கு. அங்க கூரை மேல கர்ப்பிணி ஒருத்தங்க. வழியில உங்களைப் பாத்துட்டு நின்னார்."

"அப்புறம்?"

"வான் தளபதி என்னைக் கேட்டார். நான் பக்கத்துல இருந்த தரைப்படை அதிகாரியைக் கேட்டேன். அந்தத் தெருவுக்குப் படகு குடுத்தாச்சுன்னார். குடுத்தது நிஜம். படகு கிளம்பினதும் நிஜம். படகு போயிருக்கு, நீ கர்ப்பிணிகிட்ட போன்னு சொல்லச் சொன்னேன். மத்தியானம் அவர் திரும்பி அந்தப் பக்கம் வந்தப்ப மறுபடி கேட்டார். அப்பவும் படகு போயிருக்குன்னுதான் சொன்னேன்."

படகு எங்கே போனது என்று வசந்தா கேட்கவில்லை. அவரே சொன்னார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மதில் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. திருடன் ஏறக் கூடாது என்று மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். காற்றடைத்த ரப்பர் படகு அதில் உரசிக் கிழிந்துவிட்டது. படகிலிருந்த சிப்பாய்கள் நீந்தி இன்னொரு மாடியில் ஏறிக்கொண்டார்கள். அவர்களுடைய ரேடியோ நனைந்துபோனது. படகு கிழிந்த செய்தி அறைக்கு வரவே இல்லை. விமானப்படை, படகு போய்விட்டது என்று நினைத்தது. தரைப்படை, ஹெலிகாப்டர் மேலே சுற்றுகிறது, ஏதாவது என்றால் சொல்வார்கள் என்று நினைத்தது.

"எம் பொண்ணு வேலூருக்குப் படிக்கப் போனா, சேந்துட்டேன்னு அவ வாயால சொல்ற வரைக்கும் நான் போனைக் கீழ வைக்க மாட்டேம்மா" என்றார் ஜெயராஜ். "அன்னிக்குப் படகு கிளம்பிடுச்சான்னு கேட்டேன். போய்ச் சேந்துச்சான்னு கேக்கல. ரெண்டு தடவையும் கேக்கல."

நான் வசந்தாவைப் பார்த்தேன். கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு அழுதாள். சேகர் செத்தபோது அவள் அழுததை நான் பார்க்கவில்லை. அதையும் சேர்த்து அன்று பார்த்தேன். நானும் அழுதேன். ஜெயராஜ் வெயிலில் அப்படியே நின்றார். போகும்போது வசந்தா அவருக்கு மோர் கொடுத்தாள். "அந்தப் புள்ளத்தாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

"பிழைச்சாங்க. குழந்தையும்."

அவள் தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் பவித்ரா பெட்டி அடுக்கினாள். வசந்தா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே, மகளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "அண்ணி, அவள கேளுங்க. மேல இருந்து எங்கள மாதிரி யாரயாவது பாத்தா, வேணாம்னு சொன்னாலும் எறங்குவேன்னு சத்தியம் பண்ணுவாளா?"

மகள் நான்கடி தூரத்தில்தான் இருந்தாள். இருந்தாலும் நான் முறையாக எழுந்து போய்க் கேட்டேன். பவித்ரா கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு யோசித்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்கு இருந்தது. ஒரு பொய்யோடு இந்த வீடு சரியாகிவிடும்.

"இல்லத்தை. அப்படி சத்தியம் பண்ண முடியாது. நான் இங்க இறங்கினா அங்க அந்தக் கர்ப்பிணிக்கு யாரும் இல்ல. எனக்கு மேல இருந்து ஒரு கூரைதான் தெரியும். ஆனா கேப்பேன்னு சொல்லுங்க. படகு போய்ச் சேந்துச்சான்னு கேப்பேன். சேந்துச்சுன்னு யாராவது கண்ணால பாத்துச் சொல்ற வரைக்கும் கேப்பேன்."

நான் திரும்பி வந்தேன். வசந்தாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் பயணம் வீண் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றபோது, வரமாட்டேன் என்றிருந்த வசந்தா புடவை மாற்றிக்கொண்டு வந்து ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மெட்ரோ வேலையால் போரூர் வரை கார் ஊர்ந்தது. ஓட்டுநர், "ரயில புடிக்கணுமா, இல்ல அடுத்த ரயில புடிக்கணுமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. ரயில் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பு போய்ச் சேர்ந்தோம். புளிசாதப் பொட்டலத்தையும் அவித்த முட்டையையும் வசந்தா ஜன்னல் வழியாக நீட்டினாள். பவித்ரா வாங்கிக்கொண்டாள். தாய் பேசவில்லை. ரயில் நகர்ந்ததும் பெண் என்னைப் பார்த்துத்தான் கையசைத்தாள்.

திங்கள் காலை எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு வசந்தா போனை எடுத்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தாள், நின்றது. மறுபடியும்.

"பயிற்சி நிலையத்தில் போனை வாங்கி வைத்திருப்பார்கள் வசந்தா. கொடுத்ததும் அவளே கூப்பிடுவாள்" என்றேன்.

"சேந்துட்டேன்னு அவ சொல்ற வரைக்கும் நான் கேட்டுகினுதான் இருப்பேன் அண்ணி."

காப்பி ஆறியது. வாசலில் கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு வந்தார், போனார். எத்தனையாவது அழைப்போ தெரியாது, அந்தப் பக்கம் எடுத்தார்கள். பின்னால் யாரோ உரக்கக் கட்டளையிடுவதும், நிறைய பூட்ஸ் காலடியும் எனக்கே கேட்டது.

"சேந்துட்டியா?" என்றாள் வசந்தா.

பூட்ஸ் சத்தம் தள்ளிப் போனது. பிறகு பவித்ராவின் குரல் உடைந்து வந்தது.

"சேந்துட்டேன்மா."

வசந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு."